நிதியியல் பட்டப்படிப்பு: சிறு கல்லூரியில் சேருமுன் அறிய வேண்டியவை

"பையன் பைனான்ஸ் படிக்கப் போகிறேன் என்கிறான். அது என்ன படிப்பு? கணக்கெழுதும் படிப்புதானே?" என்று நம் வியாபாரிகளில் பலர் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை. கல்லாவைத் திறந்து மூடியே பழகிவிட்ட நமக்குக் கணக்கு வேறு, நிதி வேறு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. கல்லூரிகளிலோ அவை இரண்டும் இரு வேறு பட்டங்கள். மூன்று ஆண்டுக் காலமும், கடையில் சேர்த்த பணத்தில் ஒரு பெரும் பங்கும் செலவாகும் காரியமாதலால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத எண்ணினோம்.

கணக்கியல் என்பது நடந்து முடிந்ததை ஒழுங்காகப் பதிந்து காட்டுவது. சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அதைச் சேர்ந்தவை. நிதியியல் இனி நடக்க வேண்டியதை எடை போடுகிறது. கையிலுள்ள பணத்தைச் சரக்கில் போடுவதா, இன்னொரு கடை திறப்பதா? கடன் வாங்குவதா, கூட்டாளியைச் சேர்ப்பதா? வரப் போகும் லாபம் நாம் ஏற்கும் அபாயத்துக்கு ஈடாகுமா? இக்கேள்விகளுக்கு எண்களைக் கொண்டு பதில் தேடும் கலையே அது. பங்குச் சந்தையில் பணம் பண்ணும் வித்தை என்று சில பிள்ளைகள் நினைத்துக்கொண்டு சேருகிறார்கள். முதல் ஆண்டிலேயே புள்ளியியல் பாடத்தைக் கண்டு மலைத்துப் போகிறார்கள்.

நம் தொழிலிலிருந்தே ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்போம். ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் ஆண்டுக்கு 365,000 வெள்ளிக்குக் கொள்முதல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நாளொன்றுக்கு 1,000 வெள்ளி. வாங்கிய சரக்கு சராசரியாக 60 நாள் அலமாரியில் கிடக்கிறது. விற்ற பிறகு சில்லறைக் கடைக்காரர்கள் பணம் கொண்டுவந்து கொடுக்க 45 நாள் ஆகிறது. ஆனால் இவருக்குச் சரக்கு அனுப்பியவர் 30 நாளில் பணத்தைக் கேட்டுவிடுகிறார். அறுபதும் நாற்பத்தைந்தும் நூற்றைந்து. அதில் முப்பது போனால் எழுபத்தைந்து. ஆக, 75 நாளுக்கான பணம், அதாவது 75,000 வெள்ளி, எந்நேரமும் இவர் கையை விட்டு வெளியே நிற்கிறது. (கணக்கு எளிதாக இருப்பதற்காக லாபத்தைச் சேர்க்காமல் முதலை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.)

ஏடுகளில் நல்ல லாபம் தெரிகிறது. சம்பள நாளன்று கல்லாவில் பணம் இல்லை. இந்த விந்தையை நம்மில் அனுபவிக்காதவர் யார்? காரணம் இந்த 75 நாள்தான். வியாபாரம் இரு மடங்கானால் வெளியே நிற்கும் பணமும் 150,000 வெள்ளியாகிறது. விற்பனை பெருகப் பெருகக் கைப்பணம் வற்றுகிறது. கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே திடீரென்று மூடப்பட்டது என்று கேள்விப்படுகிறோமே, அவற்றில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. திருஷ்டி என்று ஊரார் சொல்வார்கள். அலமாரியிலுள்ள சரக்கை 60 நாளிலிருந்து 45 நாளாகக் குறைத்தால் 15,000 வெள்ளி தானாகவே கைக்குத் திரும்பும். அதற்காக எவர் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. இதனை நிதியியலில் நடைமுறை மூலதன நிர்வாகம் என்பர். நம் பெரியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது பாடம் காலத்தைப் பற்றியது. இன்று கிடைக்கும் 1,000 வெள்ளியும் அடுத்த ஆண்டு கிடைக்கும் 1,000 வெள்ளியும் ஒன்றல்ல. தம் முதலைப் போட்டு ஆண்டுக்கு 8 சதவீதம் லாபம் எடுக்கக்கூடியவருக்கு, ஓராண்டு கழித்து வரும் 1,000 வெள்ளி இன்றைய 926 வெள்ளிக்குத்தான் சமம். இதைக் கேட்டவுடன், "இது வட்டிக் கணக்கு அல்லவா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பணத்தைக் கடனாகக் கொடுத்துக் கூடுதல் பணம் வாங்குவது ரிபா. அது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு சரக்குக்கு ரொக்க விலை ஒன்றும் தவணை விலை ஒன்றும் சொல்வதைப் பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். பேச்சு முடியுமுன் ஏதேனும் ஒரு விலை உறுதியாகிவிட வேண்டும். பணம் தாமதமானால் அந்த விலையை ஏற்றக்கூடாது. இன்னொரு கடை திறப்பது பயன் தருமா என்று தம் பணத்தைத் தாமே கணக்கிட்டுப் பார்ப்பதில் கடனே இல்லை. ஆகவே கணக்கு முறை வேறு, அது பயன்படும் ஒப்பந்தம் வேறு என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே விளக்கிவிடுவது நலம்.

மூன்றாவதாக, அபாயத்தைப் பங்கிடுதல். ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1952இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கணிதமாக்கினார். 1990இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் சொன்னதன் சாரம் நமக்குப் புதிதன்று. ஒரே தெருவில் இரண்டு துணிக்கடை வைத்திருப்பவருக்கு இரண்டு தொழில் இருப்பதாகச் சொல்ல முடியாது; தெரு அடைபட்டால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். குடையும் குளிர்பானமும் விற்பவருக்கு மழையும் வரவு, வெயிலும் வரவு. எத்தனை இடத்தில் பணம் போட்டோம் என்பதைக் காட்டிலும், அவை ஒன்றாக விழுமா, வெவ்வேறாக விழுமா என்பதே முக்கியம்.

நாணய மாற்று விஷயத்தை இங்குள்ளோர் மறந்திருக்க முடியாது. 1997 ஜூலை 2ஆம் நாள் தாய்லாந்து தன் நாணயத்தைக் கைவிட்டபோது, மலேசிய வெள்ளி டாலருக்கு ஏறத்தாழ 2.50ஆக இருந்தது. 1998 ஜனவரியில் 4.80ஐயும் தாண்டிற்று. ஒரு லட்சம் டாலருக்குக் கடன் சரக்கு இறக்கியிருந்தவர், இரண்டரை லட்சம் வெள்ளி கொடுக்க நினைத்திருந்த இடத்தில் நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. சரக்கில் குற்றமில்லை, விற்பனையில் குறைவில்லை, இருந்தும் கடை போயிற்று. 1998 செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று விலையைக் கட்டிவைத்து, 2005 ஜூலையில்தான் அவிழ்த்துவிட்டது. வெளிநாட்டுக் கடனை எந்த நாணயத்தில், எத்தனை நாளுக்கு, என்ன பாதுகாப்போடு வைத்துக்கொள்வது என்பது இப்படிப்பில் ஒரு தனிப் பாடம். பணமாற்றுக் கடை வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகள் அதில் மற்றவர்களை முந்திவிடுவார்கள்.

நிற்க. பாடம் நல்ல பாடம்தான், கல்லூரி எப்படி?

மலேசியத் தனியார் உயர்கல்வியில் கல்லூரி என்பதும் பல்கலைக்கழகம் என்பதும் வெவ்வேறு படிகள். கல்லூரி என்ற நிலையிலுள்ள நிறுவனம் தன் சொந்தப் பெயரில் டிப்ளோமா வரை வழங்கும். பட்டம் வேண்டுமானால் ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். மூன்று ஆண்டும் இங்கேயே படிப்பதை 3+0 என்றும், இரண்டாண்டு இங்கும் ஓராண்டு அயல்நாட்டிலும் படிப்பதை 2+1 என்றும் சொல்வர். ஆகவே முதற்கேள்வி, பட்டச் சான்றிதழில் யாருடைய பெயர் இருக்கும் என்பது. இரண்டாவது, மலேசியத் தகுதி ஆணையத்தின் பதிவேட்டில் அப்படிப்பு இருக்கிறதா, தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்பது. அப்பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. கல்லூரியின் பெயரைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல் படிப்பின் பெயரையே தேடிப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் கல்வி நிலையங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பெற்றது என்பதனாலேயே பட்டத்தின் தரத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்ததாகப் பொருளாகாது.

கண்ணாடி மாளிகைப் படம் போட்ட விளம்பரத் தாளில் இவையெல்லாம் பெரும்பாலும் சிறு எழுத்தில்தான் இருக்கும்.

சிறு கல்லூரியைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. வகுப்பில் முப்பது பேர் என்றால் ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். கணக்கில் பின்தங்கியவனைக் கைதூக்கிவிட முடியும். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றால் விடுதிச் செலவும் மிச்சம், பெண் மக்களை அனுப்பப் பெற்றோருக்குத் தயக்கமும் குறைவு. குறைகளும் உண்டு. விருப்பப் பாடங்கள் குறைவாக இருக்கும். பெரிய பாங்குகள் ஆளெடுக்க அங்கே வருவது அபூர்வம். பகுதி நேர ஆசிரியர்களை நம்பி நடத்தினால், பாதிப் பருவத்தில் ஆசிரியர் மாறுவார். சொந்தத் தொழிலுக்கும் நடுத்தரக் கம்பெனி வேலைக்கும் போகிறவனுக்குச் சிறு கல்லூரி போதும் என்பது நம் கருத்து. பெரிய முதலீட்டு நிறுவனங்களில் நுழைய விரும்புகிறவனுக்கு வழி நீளம். 1963இலிருந்து நடைபெறும் சி.எஃப்.ஏ. என்ற மூன்று படித் தேர்வை அவன் பின்னர் எழுத வேண்டியிருக்கலாம். கணக்காய்வாளராக விரும்புகிறவன் நிதியியலில் சேரவே கூடாது; அதற்குக் கணக்கியல் தகுதி தனியாக வேண்டும். இதை மூன்றாம் ஆண்டில் தெரிந்துகொண்டு வருந்தும் பிள்ளைகள் உள்ளனர்.

மலேசியாவில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 மதிப்பலகு. அலகொன்றுக்கு 40 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக 4,800 மணி நேரம். கடையில் நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்பவருக்கு அது 480 நாள். இவ்வளவு நேரத்தில் இஸ்லாமிய நிதியியலுக்கு ஒரு பாடமாவது உண்டா என்றும் கேளுங்கள். ஹஜ்ஜுக்காக நிலத்தையும் கால்நடையையும் விற்ற கிராம மக்களுக்கு வட்டியில்லாச் சேமிப்பு வேண்டுமென்று 1959இல் உங்கு அஸீஸ் திட்டம் தந்தார். 1963இல் அது ஹஜ் சேமிப்பு நிதியாக உருவாயிற்று. 1983இல் பாங்க் இஸ்லாம் தோன்றிற்று. முளாரபாவும் முஷாரகாவும் இன்று பாங்குகளில் பேசப்படும் சொற்கள். ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு என்று கூட்டுக் கடை நடத்திய நம்மவர்களுக்கு அவற்றின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சேருமுன் வீட்டிலேயே ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். சென்ற ஆண்டுக் கணக்கைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சரக்கிருப்பை விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுத்து 365ஆல் பெருக்கினால் சரக்கு நாள் வரும். வரவேண்டிய பாக்கியைக் கடன் விற்பனையால் வகுத்து அவ்வாறே பெருக்கினால் பாக்கி நாள். கொடுக்க வேண்டியதைக் கொள்முதலால் வகுத்தால் கடன் நாள். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழிக்கச் சொல்லுங்கள். இதில் அவனுக்கோ அவளுக்கோ ருசி பிறக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் வராத பாக்கியை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனிப் பட்டியல் போடச் சொல்லுங்கள்.