மாற்றத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்டர்வியூவில் எல்லாக் கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வியில் மட்டும் மாட்டிக்கொள்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். "வேலை செய்யும் முறை திடீரென்று மாறினால் எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் கணக்கு வேலைக்கும் பில்லிங் வேலைக்கும் ஆள் எடுக்கும்போது, வந்தவருக்கு டேலி தெரியுமா என்று சோதித்துப் பார்க்க என்னையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். மேற்படி கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒரே பதில்தான். "எந்த மாற்றம் வந்தாலும் சீக்கிரம் பழகிக்கொள்வேன் சார்." உடனே முதலாளி, "கடைசியாக எந்த மாற்றத்துக்குப் பழகினீர்கள்?" என்பார். அத்தோடு அறை அமைதியாகிவிடும்.

வேலை தேடுவதற்காகவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ரெஸ்யூமே டைப் செய்து பிரிண்ட் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பதிலையும் அதே கம்ப்யூட்டரில் தயார் செய்யலாம்.

கேட்பவர் யார் என்று பாருங்கள்

எதிரே உட்கார்ந்திருக்கும் கணக்கு மேலாளருக்கு ஐம்பது வயது என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தமிழ்நாடு பொது விற்பனை வரி இருந்தது. அது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். 2007 ஜனவரி 1 முதல் வாட் வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. (ஜி.எஸ்.டி. என்றால் எங்கள் பகுதிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாசலில் ஓடுகிற சாலைதான். வரி அப்புறம்தான்.) இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் வரை வந்துவிட்டது. பிறகு 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்களே மாறின.

இத்தனையையும் இரவு கண்விழித்துக் கடந்து வந்தவர் அவர். அவரிடம் போய் வெறுமனே "பழகிக்கொள்வேன்" என்றால் எடுபடாது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தேதியோடு சொன்னால் நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால் அதே தேதியில் அவரும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஒரு மாதிரிப் பதில்

வீட்டு உபயோகப் பொருள் கடையில் பில்லிங் பார்த்த ஒருவர் இப்படிச் சொல்லலாம்:

"சார், 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஏ.சி.க்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. முந்தைய வாரமே எங்கள் கடையில் 28 சதவீதம், 12 சதவீதம் என்று பதிவான பொருட்களையெல்லாம் எக்செலில் பட்டியல் எடுத்தேன். எச்.எஸ்.என். எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரே புது விகிதத்தை எழுதினேன். சில பொருட்களில் சந்தேகம் இருந்தது. அவற்றை மட்டும் தனியாகக் குறித்து ஆடிட்டரிடம் கேட்டேன். டேலியில் புது விகிதத்தைப் போடும்போது 22-ஆம் தேதி முதல் என்று குறிப்பிட்டேன். பழைய பில் மாறிவிடவில்லையே என்று ஆகஸ்ட் மாதத்து பில்கள் மூன்றைத் திறந்து பார்த்தேன். 22-ஆம் தேதி காலை கடை திறந்ததும் பில் போட முடிந்தது."

இதில் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. ஆனால் என்ன மாறியது என்று தெரிகிறது, முதலில் எதைத் தொட்டார் என்று தெரிகிறது. சந்தேகத்தை யாரிடம் கேட்டார் என்பதையும் சொல்லிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூன்று பழைய பில்கள்தான். தேதியைக் குறிப்பிடாமல் விகிதத்தை மாற்றினால் என்ன குழப்பம் வரும் என்று புரிந்தவர்தான் அப்படிச் சரிபார்ப்பார். இந்தப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு யாரும் வந்து ஒப்பிக்க முடியாது. ஆகஸ்டில் விற்ற ஏ.சி.யை வாடிக்கையாளர் அக்டோபரில் திருப்பிக் கொடுத்தால் கிரெடிட் நோட் எந்த விகிதத்தில் போடுவீர்கள் என்று ஒரு துணைக் கேள்வி வந்தால் போதும். (விற்றபோது இருந்த 28 சதவீதத்தில்தான்.) சாயம் வெளுத்துவிடும். எனவே உங்கள் சொந்த அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் வேலையை விட்டவர்கள்

சேலையூரிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். குழந்தைகளுக்காக 2014-ல் வேலையை விட்டவர். வாட் கணக்கு அத்துப்படி. ஜி.எஸ்.டி. வந்தபோது வீட்டில் இருந்தார். "உங்களுக்கு ஜி.எஸ்.டி. அனுபவமே இல்லையேம்மா" என்று முதலாளி ஆரம்பித்தார். அவர் பதறவில்லை.

"ஆமாம் சார், அலுவலகத்தில் பார்த்ததில்லை. 2007-ல் விற்பனை வரியிலிருந்து வாட் மாறியபோது எங்கள் கம்பெனியில் அந்த வேலையை நான்தான் பார்த்தேன். இப்போது வீட்டில் டேலி பிரைம் போட்டு, ஒரு மளிகைக் கடை மாதிரி கம்பெனி உருவாக்கி மூன்று மாதக் கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதிக்குள், 3பி 20-ஆம் தேதிக்குள் என்பது வரை தெரியும். போர்ட்டலில் நேரடியாகத் தாக்கல் செய்ததில்லை. முதல் மாதம் யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்."

தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே இவ்வளவு தெளிவாகக் கோடு போட்டுக் காட்டியவரை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலை அவருக்கே கிடைத்தது. டேலி பிரைமை லைசென்ஸ் இல்லாமலே எஜுகேஷனல் மோடில் இலவசமாகப் பயன்படுத்தலாம். மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும். பழகிப் பார்க்க அது போதும்.

ஆலை மூடியதால் வெளியே வந்தவர்கள்

மறைமலை நகர் ஆலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியில் மாற்றத்தைப் பற்றிப் பேச முடியாது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. அப்படி வேலை இழந்தவர் இன்டர்வியூவுக்குப் போனால் பேச்சு அங்கேதான் தொடங்கும். ஆலை மூடிய கதையை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தவறால் மூடவில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும். பிறகு உள்ளே நடந்த மாற்றங்களுக்கு வாருங்கள். அங்கே 2010-ல் ஃபிகோ வந்தது, 2013-ல் ஈகோஸ்போர்ட் வந்தது. புது மாடல் லைனுக்கு வந்தபோது உங்கள் இடத்தில் என்ன மாறியது? எத்தனை நாளில் கை பழகியது? புதிதாக வந்தவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா? அதுதான் உங்கள் சரக்கு.

அந்த ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தைத் தெரிவித்து ஃபோர்டு 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தது. ஆகவே "அங்கே கூப்பிட்டால் போய்விடுவீர்களா?" என்ற கேள்வியும் வரலாம். "போகவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தால் யாரும் நம்பமாட்டார்கள். இந்த வேலையில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள். போதும்.

படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிறவர்களிடமும் கதை இருக்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டது. அப்பா கடையின் கம்ப்யூட்டரில் இருந்த பைல்களை முதலில் பேக்கப் எடுத்து, பிறகு விண்டோஸ் 11-க்கு மாற்றி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள். கல்லூரியில் வாங்கிய மார்க்கைவிட அது நன்றாகப் பேசும்.

கம்ப்யூட்டரில் பயிற்சி

நோட்பேடையோ வேர்டையோ திறந்து நான்கு வரி டைப் செய்யுங்கள். எது மாறியது, எப்போது, நான் முதலில் செய்தது, கஷ்டமாக இருந்தது, கடைசியில் நடந்தது. மூன்றாவது வரியைத் தவிர்க்காதீர்கள். கஷ்டமே இல்லை என்பவர் அந்த வேலையைச் செய்திருக்கவே மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பிறகு எழுதியதைப் பார்க்காமல் பேசிப் பதிவு செய்யுங்கள். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து சவுண்ட் ரெக்கார்டர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 10-ல் இதன் பெயர் வாய்ஸ் ரெக்கார்டர். லேப்டாப்பில் மைக் உள்ளேயே இருக்கும். டெஸ்க்டாப் என்றால் மைக் உள்ள ஹெட்போன் ஒன்று வேண்டும். பதிவைக் கேட்கும்போது கையில் பேனா வைத்துக்கொண்டு "வந்து", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று கோடு போடுங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் சுருக்குங்கள். முதல் பதிவை அழிக்க வேண்டாம். ஐந்தாவது பதிவோடு சேர்த்துக் கேட்டால் வித்தியாசம் உங்களுக்கே சிரிப்பை வரவழைக்கும்.

ஷிப்ட் மாற்றம், கையோடு ஒரு சோதனை

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் வளாகம் 1984 முதல் இயங்குகிறது. அங்குள்ள நிறுவனங்களுக்குப் போனால் "ஷிப்ட் மாறினால் சம்மதமா?" என்ற கேள்வியை எதிர்பார்த்துப் போங்கள். யோசிக்காமல் தலையாட்ட வேண்டாம். இரவு எத்தனை மணிக்கு முடியும், கம்பெனி வண்டி உண்டா என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம். கேட்பதில் தவறில்லை.

சில இடங்களில் பேச்சோடு விடமாட்டார்கள். கீபோர்டை உங்கள் பக்கம் தள்ளி, "ஒரு கிரெடிட் நோட் போடுங்கள்" என்பார்கள். டேலி இஆர்பி 9-ல் பழகிய கை தானாகவே கன்ட்ரோல் + எஃப்8-க்குப் போகும். பிரைமில் அதை அழுத்தினால் சேல்ஸ் ஆர்டர் வந்து நிற்கும். அங்கே கிரெடிட் நோட்டுக்கு ஆல்ட் + எஃப்6, டெபிட் நோட்டுக்கு ஆல்ட் + எஃப்5. விற்பனைக்கு எஃப்8-ம் கொள்முதலுக்கு எஃப்9-ம் மாறவில்லை. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் ஆல்ட் + ஜி அழுத்துங்கள். கோ டு பெட்டி திறக்கும். அதில் வேண்டியதை டைப் செய்து எடுத்துக்கொள்ளலாம். "பழைய பதிப்பில் வேறு கீ சார், இதில் இங்கே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.