அளவுக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்
கேலிபரேஷன் லேபுக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளுக்கு

நீங்கள் ஒட்டும் சின்ன ஸ்டிக்கரை நம்பித்தான் ஒருவர் பிரேக் டிரம் கடைகிறார், இன்னொருவர் ஊசி மருந்தைக் கிருமிநீக்கம் செய்கிறார். அந்த பிரேக்கை மிதிப்பவருக்கும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்பவருக்கும் உங்கள் பெயர்கூடத் தெரியாது. அவர்களால் சரிபார்க்க முடியாததை அவர்களுக்காகச் சரிபார்ப்பதே நம் வேலை. பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. மூலம் வரை போய்ப் பாருங்கள்.

மனை வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் வரை தேடிப் பார்க்கிறார். நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போனால் வங்கி கடன் தருவதில்லை. அளவுக்கும் இதுதான் சட்டம். பட்டறையில் இருக்கும் மைக்ரோமீட்டரை உங்கள் ஸ்லிப் கேஜ் (நீளம் துல்லியமாகத் தெரிந்த துண்டு) கொண்டு சோதிக்கிறீர்கள். அந்த ஸ்லிப் கேஜை உங்களுக்கு மேலே உள்ள லேப் ஒன்று சோதித்திருக்கும். அவர்களுடைய கேஜ் புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போயிருக்க வேண்டும். அங்கே நீளத்தை லேசர் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடுகிறார்கள். அதற்கும் மேலே இருப்பது மீட்டரின் வரையறை: வெற்றிடத்தில் ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் கடக்கும் தூரம்.

முதல் வாரத்திலேயே ஒரு பயிற்சி செய்யுங்கள். மேஜையில் இருக்கும் ஏதாவது ஒரு கருவியை எடுத்து, இந்த வரிசையைச் சான்றிதழ் எண்களோடு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எழுத முடியாமல் நிற்கிறீர்களோ, அங்கேதான் சங்கிலி அறுந்திருக்கிறது.

2. சான்றிதழை முழுவதும் படியுங்கள்.

லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல்.-இன் சின்னத்தையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் போடுகிறவர்கள் அதிகம். அங்கீகாரம் ஒரு லேபின் எல்லா வேலைகளுக்கும் மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்த அளவு, எவ்வளவு ரேஞ்ச், எவ்வளவு நிச்சயமின்மை என்று ஸ்கோப்பில் தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதற்குள் வருகிறதா? எந்தெந்தப் புள்ளிகளில் ரீடிங் எடுத்திருக்கிறார்கள்? எந்த ஸ்டாண்டர்டை வைத்து எடுத்தார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத சான்றிதழை வைத்து அடுத்த கருவியைச் சோதிக்காதீர்கள். சட்டமுறை எடையளவுத் துறை தராசில் வைக்கும் முத்திரையையும் கேலிபரேஷனாக எண்ணிக் குழம்பாதீர்கள். தராசு சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பதை முத்திரை சொல்லும். எந்த எடையில் எவ்வளவு பிழை என்பதைக் கேலிபரேஷன் சான்றிதழில்தான் பார்க்க முடியும்.

3. நிச்சயமின்மையைக் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

உலகில் எந்த அளவும் சந்தேகம் இல்லாமல் வருவதில்லை. எவ்வளவு சந்தேகம் என்று தெரிந்து சொல்வதில்தான் நேர்மை இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இ2 என்ற துல்லிய வகுப்புக் கல்லில் அனுமதிக்கப்படும் பிழை 1.6 மில்லிகிராம், எஃப்1 வகுப்பில் 5, எம்1 வகுப்பில் 50. படி இறங்க இறங்கச் சந்தேகம் கூடத்தான் செய்யும். மேலே உள்ள கல்லின் நிச்சயமின்மையையும், உங்கள் தராசு, அறை, கை ஆகியவை சேர்க்கும் நிச்சயமின்மையையும் கணக்கில் கொண்டுவராத ரீடிங் மூலத்தோடு சேராது. எண் பெரிதாக வருகிறதே என்று யாராவது முகம் சுளித்தாலும் மாற்றி எழுதாதீர்கள்.

4. வெப்பத்துக்கு நேரம் கொடுங்கள்.

உலகம் முழுவதும் நீள அளவு 20 டிகிரி செல்சியஸுக்குத்தான் சொல்லப்படுகிறது. 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.15 மைக்ரான் நீளும். கோயம்புத்தூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் வந்த கேஜ் 35 டிகிரியில் இருந்தால், 17 மைக்ரானுக்கு மேல் நீண்டிருக்கும். வாடிக்கையாளர் வாசலிலேயே நின்று அவசரப்படுத்துவார். அவருக்கு டீ வாங்கிக் கொடுங்கள். கேஜைச் சர்ஃபேஸ் பிளேட்டில் ஸ்டாண்டர்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள்.

5. ஸ்லிப் கேஜைக் கையாளப் பழகுங்கள்.

பழைய எண்ணெயைக் கரைப்பானால் துடைத்து, மென்தோலால் உலர வையுங்கள். இரண்டு கேஜ்களைக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தி நகர்த்தி, மெல்லத் திருப்பி நேராக்குங்கள். நன்றாக இருக்கும் முகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மேலே உள்ளதைத் தூக்கினால் கீழே உள்ளதும் கூடவே வரும். பிடிக்காவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். அங்கே தூசியோ பிசிரோ இருக்கிறது. அழுத்தினால் அது நல்ல முகத்தையும் கீறிவிடும். வேலை முடிந்ததும் பிரித்து, துடைத்து, வாசலின் தடவிப் பெட்டியில் வையுங்கள். விரல் வியர்வை ஓர் இரவில்கூடத் துருவைத் தொடங்கிவிடும்.

6. திருகைத் தொடும் முன் பேனாவைத் தொடுங்கள்.

பிரஷர் கேஜ் தவறாகக் காட்டினால், உடனே அட்ஜஸ்ட் செய்து நல்ல ரீடிங்கை மட்டும் எழுத ஆசை வரும். முதலில் வந்த நிலையில் என்ன காட்டியது என்று எழுதுங்கள். பிறகு சரிசெய்து, மறுபடி எழுதுங்கள். அந்த முதல் வரியை வைத்துத்தான், கடந்த ஓராண்டில் அந்தக் கேஜை நம்பி அனுப்பிய சரக்கு சரிதானா என்று வாடிக்கையாளர் தேடிப் பார்க்க முடியும். அதை நீங்கள் விட்டுவிட்டால், பழுது வெளியில் போயிருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

7. டியூ டேட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அடுத்த கேலிபரேஷன் எப்போது என்பதைக் கருவியின் பழைய ரீடிங்குகளும் அதன் உழைப்பும் தீர்மானிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் தவிரச் சான்றிதழில் அந்தத் தேதியைப் பரிந்துரைக்கக் கூடாது என்று லேபுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலை சொல்கிறது. நடுவிலும் சோதியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸை நொறுக்கி, தெர்மோஸ் குடுவையில் போட்டு, அதே நீரை ஊற்றிக் கலக்கினால் பூஜ்ஜியம் டிகிரி உங்கள் மேஜைக்கே வந்துவிடும். தெர்மாமீட்டரை அதில் வைத்து வரும் ரீடிங்கை மாதாமாதம் வரைபடத்தில் குறித்து வாருங்கள். கீழே விழுந்த கருவிக்கு ஸ்டிக்கரில் இன்னும் எத்தனை மாதம் மீதி இருந்தாலும் பயனில்லை.

8. முரண்படும் ரீடிங்கை ஒதுக்காதீர்கள்.

ஹப்பிள் தொலைநோக்கி 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. அதன் 2.4 மீட்டர் கண்ணாடி விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரான் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. கண்ணாடியின் வடிவத்தைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். வேறு இரண்டு கருவிகள் குறையைக் காட்டத்தான் செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டு, பிழையான கருவியையே நம்பினார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த்தான் பார்வையைச் சரிசெய்ய முடிந்தது. உங்களிடம் இரண்டு ரீடிங்குகள் ஒத்துப்போகாவிட்டால், விலை உயர்ந்த கருவியின் பக்கம் சாயாமல், வித்தியாசத்துக்குக் காரணம் தெரியும்வரை வேலையை நிறுத்துங்கள்.

9. எந்த ஸ்டாண்டர்டும் கேள்விக்கு மேலானதல்ல.

1889 முதல் பாரிஸ் அருகே செவ்ரில் இருக்கும் ஒரு பிளாட்டினம்–இரிடியம் உருளைதான் உலகத்தின் கிலோகிராமாக இருந்தது. இந்தியாவிடம் இருப்பது அதன் 57-ஆம் எண் பிரதி. நூறாண்டு கழித்து ஒப்பிட்டபோது, மூல உருளைக்கும் பிரதிகளுக்கும் நடுவே 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் தெரிந்தது. அதை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள், காரணம் தேடினார்கள், புதிய வழியை உருவாக்கினார்கள். 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

உலகத்தின் கிலோகிராமையே சோதித்துப் பார்த்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அதனால் உங்கள் லேபின் ஸ்டாண்டர்டைச் சந்தேகிப்பதை மேலதிகாரிக்குச் செய்யும் அவமரியாதையாக நினைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் சொல்லுங்கள், எழுதி வையுங்கள், தீரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டபின், யார் எப்போது கேட்டாலும் மூலம் வரை காட்டத் தயாராக இருங்கள்.