குஞ்சுக்கு எவ்வளவு புரதம்? கறிக்கோழி வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு பாடம்



குழுவில் கடன் வாங்கி 100, 200 கறிக்கோழிக் குஞ்சு எடுத்து வளர்க்கும் சகோதரிகள் நம்மில் இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் ஆகும் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும். அதனால் மிச்சம் பிடிக்க நினைக்கிறவங்க முதலில் கை வைக்கிறது தீவனத்தில்தான். அதில் தப்பில்லை. ஆனால் எந்த வாரத்தில் மிச்சம் பிடிக்கலாம், எந்த வாரத்தில் கூடாது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

புரதம் எதற்கு?

சதை, இறகு, குடல், நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாமே புரதத்தால் ஆனவை. பொரித்த அன்று சுமார் 40 கிராம் இருக்கும் குஞ்சு, நன்றாக வளர்ந்தால் 7 நாளில் சுமார் 160 கிராம் ஆகிவிடும். அதாவது நான்கு மடங்கு. இத்தனை வேகமாக வளரும் குஞ்சுக்கு நொய்யும் தவிடும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு வளராது.

எந்த வயதில் எவ்வளவு?

கறிக்கோழித் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007-ல் வகுத்த அளவு இது:

1. முதல் 7 நாள் (பிரீ ஸ்டார்ட்டர்): 23 சதவீதம்
2. 8 முதல் 21 நாள் வரை (ஸ்டார்ட்டர்): 22 சதவீதம்
3. 22-ம் நாள் முதல் விற்பனை வரை (ஃபினிஷர்): 20 சதவீதம்

வயது ஏற ஏற தேவை குறைகிறது. "கூடப் போட்டா கூட வளரும்லா?" என்று சிலர் கேட்பாங்க. வளராது. தேவைக்கு மேல் போகும் புரதம் எச்சத்தில் வெளியேறிவிடும். கோழி தண்ணீர் அதிகம் குடிக்கும், ஆழ்கூளம் ஈரமாகும், கொட்டகைக்குள் போனால் கண் எரியும். காசும் வீண், கோழிக்கும் மூச்சுக் கோளாறு.

நாட்டுக்கோழி மெதுவாக வளர்வது. அதன் குஞ்சுக்கு முதல் 8 வாரம் 18 முதல் 20 சதவீதம் போதும். அதற்குக் கறிக்கோழித் தீவனத்தைக் கடைசி வரை வாங்கிப் போட வேண்டியதில்லை.

மிச்சக் கணக்கு

100 கறிக்கோழிக் குஞ்சு முதல் வாரத்தில் தின்பது மொத்தமே சுமார் 16 கிலோ. மலிவான தீவனம் வாங்கி கிலோவுக்கு 10 ரூபாய் மிச்சம் பிடித்தாலும் கையில் நிற்பது 160 ரூபாய். அந்த வாரத்தில் நலிந்த குஞ்சு பிறகு சரிவரத் தேறாது. விற்கும்போது கோழிக்கு 100 கிராம் குறைந்தாலும் 100 கோழிக்கு 10 கிலோ எடை போச்சு! 160 ரூபாய் எங்கே, 10 கிலோ கறிக்கோழி விலை எங்கே? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கோழி 2 கிலோ எடை வர சுமார் மூன்றரை கிலோ தீவனம் தின்னும். அதில் பெரும்பகுதி மூன்று வாரத்துக்குப் பிறகு தின்பது. எனவே 22-ம் நாளில் மறக்காமல் ஃபினிஷருக்கு மாறுவதுதான் சரியான மிச்சம்.

நாமே கலந்தால்?

ஒவ்வொரு பொருளிலும் உள்ள புரதம் தோராயமாக: மக்காச்சோளம் 9, தவிடு 12, கடலைப் புண்ணாக்கு 40, சோயா புண்ணாக்கு 45 சதவீதம்.

மக்காச்சோளம் 50 கிலோ, தவிடு 30 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20 கிலோ கலக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் புரதம் 4.5 + 3.6 + 8 = 16.1 கிலோ. அதாவது 16 சதவீதம்தான். பார்க்க நல்ல தீவனமாக இருக்கும், குஞ்சுக்குப் பற்றாது.

மக்காச்சோளம் 57, சோயா புண்ணாக்கு 38, எண்ணெய் 2, தாது உப்பு - வைட்டமின் - மெத்தியோனின் - லைசின் கலவை 3 கிலோ என்றால் 5.1 + 17.1 = 22.2 கிலோ. இது ஸ்டார்ட்டருக்குச் சரி. கலவையின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கவும். முதல் வாரத்துக்கு மட்டும் நல்ல பிரீ ஸ்டார்ட்டர் வாங்கிவிடுவது நல்லது, 16 கிலோதானே!

இந்த மூன்றில் ஏமாறாதீர்கள்

1. உப்புக் கருவாடு: உவரி கடற்கரை நமக்குப் பக்கம். கழிவுக் கருவாடு மலிவாகக் கிடைக்குதே என்று வாங்கிப் போட வேண்டாம். தீவனத்தில் மொத்த உப்பு அரை சதவீதம் போதும். 15 சதவீதம் உப்பு ஏறிய கருவாட்டை 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ சேர்த்தால் ஒன்றரை கிலோ உப்பு, அதாவது மூன்று மடங்கு! குஞ்சு தண்ணீராகக் கழியும், வயிறு வீங்கும், சாகும். உப்பு போடாமல் காய்ந்த மீனானால் கொஞ்சம் சேர்க்கலாம்.

2. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு: 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மர்மமாகச் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கின் பூஞ்சை நச்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதன் பெயர் அஃப்லாடாக்சின். இது ஈரலைக் கெடுக்கும், வேக வைத்தாலும் முழுசாகப் போகாது. நனைந்த மூட்டை, கட்டி தட்டியது, வாடை வருவது எதையும் குஞ்சுக்குப் போடாதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

3. யூரியா கலந்தது: ஆய்வில் தழைச்சத்தை அளந்துதான் புரதக் கணக்குப் போடுகிறார்கள். 100 கிலோவில் ஒரு கிலோ யூரியா சேர்த்தால் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடினது போலக் காட்டும். கோழிக்கு அது புரதமே இல்லை, கெடுதலும் செய்யும். ரொம்ப மலிவு என்றால் சந்தேகப்படுங்கள். குழுவாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கும்போது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்க்கலாம்.

7-ம் நாள் சோதனை

பத்துக் குஞ்சை ஒரு கூடையில் போட்டு எடை போடுங்கள். கூடை எடை போக ஒன்றரை கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது. ரொம்பக் குறைவு என்றால் தீவனம், சூடு, தண்ணீர் மூன்றையும் உடனே கவனியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நாம் வாங்கும் மூட்டைச் சீட்டில் புரதம் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது?
2. எந்தத் தேதியில் தீவனம் மாற்றினோம்? நோட்டில் எழுதியிருக்கிறோமா?
3. கோழி வளர்க்கும் உறுப்பினர்கள் சேர்ந்து தீவனம் வாங்கினால் விலை எவ்வளவு குறையும்?

எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு இந்தப் பாடத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். 23, 22, 20 என்ற மூன்று எண்களும் எல்லோர் மனதிலும் பதியட்டும்.