46 நாளில் எழுந்த பாலம்



பாம்பன் பாலம் நமக்கெல்லாம் தெரியும். திண்டுக்கல் ஜங்ஷனில் ஏறி மதுரை வழியாக ராமேஸ்வரம் போனவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருப்பீர்கள். 'அது சிவில்காரங்க சமாச்சாரம்' என்று மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் எல்லோருக்கும் பாடம் இருக்கிறது.

1914-ல் திறக்கப்பட்ட இப்பாலத்தை 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் சிதைத்தது. 145 கண்களில் 120-க்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. ஆனால் நடுவிலுள்ள ஷெர்சர் தூக்குப்பாலம் தப்பியது. சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இ.ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. அவர் முடித்தது 46 நாளில்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கர்டர் 120 என்றே வைத்துக்கொண்டால், ஆறு மாதக் கெடுவுக்கு மூன்று நாளைக்கு 2 கர்டர் ஏற்றினால் போதும். மூன்று மாதம் என்றால் 4. நாற்பத்தாறு நாள் என்றால் ஏறத்தாழ 8! ஆட்களை விரட்டி மட்டும் இந்த வேகம் வந்துவிடுமா?

வராது. காரணம் இரண்டு.

ஒன்று, இருப்பதைப் பார்த்தது. புது கர்டருக்குக் காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும். விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பதை மீனவர்கள் சொன்னார்கள். அவற்றையே தூக்கி எடுத்து மீண்டும் பொருத்தினார்கள்.

இரண்டு, ஒரே அளவு. அந்தக் கண்கள் எல்லாம் 40 அடி, அதாவது 12.2 மீட்டர். ஒரு கர்டரை ஏற்றக் கற்ற முறையே மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேலை பழகப் பழக வேகமும் கூடும்.

வயதான பாலங்களை மாற்றுவதிலும் இதே தத்துவம்தான். திண்டுக்கல்–மதுரை மாதிரி வண்டிகள் ஓயாமல் ஓடும் பாதையில் கிடைப்பது சில மணி நேர 'லைன் பிளாக்' மட்டுமே. ஆகவே புது கர்டரைப் பக்கத்திலேயே முன்கூட்டித் தயார் செய்து வைப்பார்கள். பிளாக் கிடைத்ததும் தண்டவாளத்தைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதைப் பேரிங் மேல் உட்கார வைத்து, மறுபடி தண்டவாளம் பூட்டி, முதல் வண்டியை மெதுவாக விடுவார்கள். சில மணி நேர வேலைக்குப் பல வாரத் தயாரிப்பு!

பாம்பனில் அடுத்து வேறு வழி பிடித்தார்கள். பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதியதைக் கட்டினார்கள். பழையதில் 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. 72.5 மீட்டர் நீளமுள்ள கண் செங்குத்தாக மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டு வருடமும் ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் இல்லை. ஒரு பாலம் நின்றால் எத்தனை பேர் பிழைப்பு நிற்கும் என்று யோசியுங்கள்.

நாளை நாமும் சைட்டில் நிற்போம். கெடு கொடுத்தவுடன் ஓடத் தொடங்காமல், என்ன மிஞ்சியிருக்கிறது, எதை முன்பே செய்து வைக்கலாம் என்று முதலில் கேட்போம். அந்தப் பகுதி மக்களிடமும் கேட்போம். பாம்பனில் பதில் சொன்னவர்கள் மீனவர்கள்தானே!