மாஸ்டரும் மேஸ்திரியும்



யாழ்ப்பாணத்தில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஊரார் என்னை ‘மாஸ்டர்’ என்றே அழைத்தனர். அகதியாகச் சிட்னி வந்து தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபின் அப்பெயர் என்னைவிட்டு அகன்றது. ஒருநாள், சிலி நாட்டிலிருந்து வந்த சக தொழிலாளி ஒருவர் என்னை ‘மாயெஸ்த்ரோ’ என்று விளித்தார். அவரது தாய்மொழியான ஸ்பானியத்தில் அச்சொல் ஆசிரியரைக் குறிக்கும் என்பதை அறிந்திருந்தமையால் திகைத்தேன். நான் கற்பித்தவன் என்பது இவருக்கு எவ்வாறு தெரியும்? கேட்டபோது அவர் சிரித்தார். தம் ஊரில் மேசனையும் தச்சரையும் அவ்வாறே அழைப்பர் என்றார்.

என் மனம் சற்றே வாடியது உண்மை. ஆயினும் சொல்லின் வேரைத் தேடினேன்.

அது இலத்தீன் மொழியின் ‘மகிஸ்தர்’ என்னும் சொல். ‘மகிஸ்’ என்றால் ‘மிகுதியாக’ என்பது பொருள். எனவே மகிஸ்தர் என்பவர் பிறரினும் மேலானவர், தலைவர். உரோமாபுரியில் குதிரைப்படைத் தலைவரும் மகிஸ்தரே. சிறுவர்க்கு எழுத்தறிவித்தவர் ‘லூதி மகிஸ்தர்’. இதிலுள்ள ‘லூதுஸ்’ என்ற சொல்லுக்கு விளையாட்டு, பள்ளி என இரு பொருளும் உண்டு. (இவ்வரியைப் பெற்றோர் கடந்து செல்லலாம்.) மகிஸ்தருக்கு எதிர்ச்சொல் போன்றது ‘மினிஸ்தர்’. ‘குறைவாக’ என்னும் பொருள்படும் ‘மினுஸ்’ அதன் அடி. ஏவலாளர் என்பதே அதன் முதற்பொருள். ஆங்கிலத்தில் அமைச்சரைக் குறிக்கும் ‘மினிஸ்டர்’ இதுவே. நம் அமைச்சர்கள் இதனை அறிவார்களோ!

மகிஸ்தர் ஸ்பானியத்தில் மாயெஸ்த்ரோ ஆயிற்று. போர்த்துக்கேய மொழியில் ‘மெஸ்த்ரே’ ஆயிற்று. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்களது மெஸ்த்ரே தமிழில் ‘மேஸ்திரி’ ஆகி, கட்டட வேலையை முன்னின்று நடத்துபவரைக் குறித்தது. ஆங்கிலேயரோ அதே மகிஸ்தரை ‘மாஸ்டர்’ எனக் கொணர்ந்தனர். ஆகவே பள்ளியில் கற்பித்த நானும், அப்பள்ளியின் சுவரை எழுப்பிய மேஸ்திரியும் ஒரே சொல்லால் அழைக்கப்பட்டவர்களே. தமிழகத்தில் தேநீர் ஆற்றுபவரும் மாஸ்டரே!

நாம் வீட்டில் வழங்கும் ‘கதிரை’ என்ற சொல்லும் அவ்வழியே வந்தது. போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’ இலத்தீனில் ‘கதெத்ரா’. ஆசிரியர் அமர்ந்து கற்பிக்கும் இருக்கைக்கும் அதுவே பெயர். இங்கு பிறந்த பிள்ளைகள் பலர் கதிரையை அறியார், ‘செயர்’ என்பர். பெற்றோரே, இன்று உணவு வேளையில் அவர்களைக் கதிரையில் அமரச் சொல்லுங்கள்.

சனிக்கிழமைகளில் இப்பள்ளி மாணவர் என்னை மீண்டும் ‘மாஸ்டர்’ என்கின்றனர். மற்றை ஐந்து நாட்களும் தொழிற்சாலையில் நான் மாயெஸ்த்ரோ. அக்குரல் கேட்டால் இப்போது உடனே திரும்பிப் பார்க்கிறேன்.