உயிரிரை மீனும் ஊர்ப்பொது நீரும்

விரால் பிடிப்போர் தூண்டில் முள்ளில் சிறு தவளையையோ பொடிக் கெண்டையையோ உயிருடன் கோத்து நீரில் விடுவதை நம் உறுப்பினர்கள் ஏரிக்கரைகளில் கண்டிருப்பார்கள். துள்ளும் இரையை நாடியே பெருமீன் வரும் என்பது தூண்டிற்காரர் அனைவரும் அறிந்த உண்மை. நம் ஊர்களில் இது ஒருவர் தம் வீட்டுக் குழம்புக்காகச் செய்யும் சிறு முயற்சி. வட அமெரிக்காவிலோ, பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் பல கோடிப் பேர் ஆதலின், இரைமீனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் தனியொரு வாணிபமாகவே வளர்ந்துள்ளன. அர்க்கன்சா மாநிலத்தில் இதற்கெனவே குளம் வெட்டி, "கோல்டன் ஷைனர்" போன்ற சிறு மீன்களை வளர்த்து, லாரிகளில் பிற மாநிலங்களுக்கு அனுப்பும் பண்ணைகள் உள்ளன.

அந்நாட்டுத் தூண்டிற்காரர் வாளியில் என்ன கொண்டு போனால் நமக்கென்ன என்று உறுப்பினர்கள் கேட்கலாம். ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் சங்கங்களுக்கும், பண்ணைக்குட்டையில் குஞ்சு விடும் விவசாய உறுப்பினர்களுக்கும் அந்த விதிகளில் நேரான பாடம் ஒன்று இருக்கிறது. அதனையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. வாளியில் வந்த நோய்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே சுபீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்னும் ஐந்து பேரேரிகள் உள்ளன. இவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2,44,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை நினைத்தால் இவற்றின் பெருமை விளங்கும்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இவ்வேரிகளில் மீன்கள் திரள்திரளாக மாண்டு மிதந்தன. மீனின் தோலிலும் துடுப்பிலும் தசையிலும் இரத்தம் கசிந்திருந்தது. சிலவற்றில் கண் பிதுங்கியிருந்தது. ஒருவகை வைரஸால் வரும் இந்நோயைச் சுருக்கமாக வி.எச்.எஸ். என்பர். இது மனிதரைப் பற்றாது. ஆயின் பல இன மீன்களைப் பற்றும். நோயுற்ற மீன் கழிக்கும் நீரின் வழியே வைரஸ் வெளிப்பட்டு மற்றவற்றைச் சேரும். இன்னொரு தீங்கும் உண்டு. நோயைத் தாங்கியிருக்கும் மீன் சில வேளை யாதோர் அடையாளமும் காட்டாது. கண்ணுக்கு நலமாகத் தோன்றும் பொடிமீன் ஒரு வாளி நீருடன் இன்னோர் ஏரிக்குப் போகுமானால், நோயும் உடன் போகும்.

தூண்டிற்காரர் மாலையில் வீடு திரும்பும்போது எஞ்சிய இரைமீனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள நீரில் விட்டுவிடுவது வழக்கம். இரக்கத்தால் செய்யும் செயலே. ஆயினும் அதனால் நேரும் தீங்கு அவ்விரக்கத்தினும் பெரிது.

2. விதிகள் யாவை?

2006 அக்டோபரில் அமெரிக்க மத்திய அரசின் வேளாண்மைத் துறை, பேரேரிகளைச் சார்ந்த எட்டு மாநிலங்களிலிருந்து, நோய் பற்றக்கூடிய இன மீன்களை உயிருடன் பிற மாநிலங்களுக்குக் கொண்டு செல்வதைத் தடுத்து ஆணையிட்டது. 2014இல் அவ்வாணை விலக்கிக்கொள்ளப்பட்டது; மாநிலங்கள் தத்தமக்கென வகுத்த விதிகளே காவலாக நின்றன. அவற்றுள் சில கவனிக்கற்பாலன.

பிடித்தல்: நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் தாமே பிடித்த இரைமீனைப் பிடித்த நீரிலேயே பயன்படுத்த வேண்டும். அரசு குறித்துக் கொடுத்த சில எல்லைகளுக்குள் அன்றி, அதனை மோட்டார் வண்டியில் தரைவழியே வேறு நீருக்குக் கொண்டு போகலாகாது. இங்கிலாந்திலும் உயிரிரை எந்நீரில் பிடிக்கப்பட்டதோ அந்நீரிலேயே பயன்பட வேண்டும் என்பது விதி. அயர்லாந்திலோ உயிர்மீனை இரையாக்குவதே தடுக்கப்பட்டுள்ளது.

விற்றல்: நியூயார்க்கில் நோய்ச் சோதனை செய்து சான்று பெற்ற மீனையே எந்நீரிலும் பயன்படுத்துமாறு விற்கலாம். விற்பவர் ரசீது கொடுக்க வேண்டும். வாங்கியவர் தூண்டில் போடும்போதும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். பத்து நாட்கள் கழிந்தால் அந்த ரசீது செல்லாது.

கொண்டு செல்லல்: 2007இல் இந்நோய் காணப்பட்ட விஸ்கான்சின் மாநிலத்தில், படகிலும் கலங்களிலும் உள்ள நீரை ஏரிக்கரையிலேயே வடித்துவிட வேண்டும். பிடித்த மீனை உயிருடன் எடுத்துச் செல்லலாகாது. உரிமம் பெற்ற கடையில் வாங்கிய இரைமீன் எஞ்சினால் அதே ஏரியில் மீண்டும் பயன்படுத்தலாம். வேறு நீருக்குக் கொண்டு செல்ல வேண்டுமாயின், அந்தக் கலத்தில் ஏரி நீரோ பிற மீனோ கலந்திருத்தல் கூடாது.

இவ்விதிகள் பலவாகத் தோன்றினும் அவற்றின் சாரம் மூன்றே: மீன் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எழுத்துச் சான்று வேண்டும், ஒரு நீர் மற்றொரு நீரோடு கலக்கலாகாது.

3. முகம் மாறிய குஞ்சுகள்

நோய் மட்டுமே அச்சமன்று. நம் உறுப்பினர்கள் குட்டைகளில் வளர்க்கும் வெள்ளிக் கெண்டை 1970களில் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. குளங்களிலிருந்து தப்பி மிசிசிப்பி ஆற்றில் பெருகிய இம்மீன், ஆற்றின் சொந்த மீன்களுக்குரிய நுண்ணுயிர் உணவை உண்டு தீர்க்கிறது. பேரேரிகளுக்குள் அது புகாமல் தடுக்கச் சிகாகோ அருகே கால்வாயில் மின்தடுப்பே அமைத்திருக்கிறார்கள். அத்தனை செலவும் ஒரு வாளியால் வீணாகக் கூடும். ஏனெனில் இதன் இளங்குஞ்சும், இரைக்காகப் பிடிக்கும் உள்ளூர்ப் பொடிமீனும் ஒன்றுபோல் தோன்றும்.

இதே வெள்ளிக் கெண்டை 1959இல் இந்தியாவுக்கு வந்தது. இமாசலப் பிரதேசத்தில் பக்ரா அணையின் கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தினுள் 1971இல் பண்ணையொன்றிலிருந்து தற்செயலாகத் தப்பிச் சென்றது. பின்னர் அத்தேக்கத்தில் வெள்ளிக் கெண்டை ஓங்க, கட்லா குன்றியது. ஒரு முறை நேர்ந்த தவற்றை எத்தனை வலை வீசியும் மீட்க முடியவில்லை.

நம் மாநிலத்திற்கும் சான்றுண்டு. நாம் ஜிலேபி மீன் என்றழைக்கும் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு எளிதில் கிடைக்கும் உணவாகும் என்னும் நல்லெண்ணத்தால் குளங்களில் விடப்பட்ட இம்மீன், வைகை, அமராவதி நீர்த்தேக்கங்களிலும் நிறைந்துவிட்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதை இன்னும் கொடிது. பிற மீன்களை விழுங்கி வளரும் அதனை வளர்க்கலாகாதென்று 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு தடை செய்தது. விராலையும் பிற மீன்களையும் புண்ணாக்கும் தொற்றுப்புண் நோயோ 1988இல் நம் நாட்டின் வடகிழக்கில் தோன்றிப் பின் தெற்கும் பரவியது. வி.எச்.எஸ். குளிர்நீரில் ஓங்கும் நோய். அது நம் ஏரிகளின் வெப்பத்திற்கு ஏற்றதன்று. புண்நோயோ நம் நீரிலேயே நிற்பது.

4. தணிக்கையில் கண்டது

ஏரிக் குத்தகை எடுத்த ஒரு சங்கத்தில் நாம் தணிக்கை செய்தபோது, "மீன்குஞ்சு வாங்கிய வகை" என்றொரு செலவு எழுதப்பட்டிருந்தது. அதற்குரிய சீட்டு வெறும் வெள்ளைத் தாள். விற்றவர் பெயரில்லை, இனமில்லை, எண்ணிக்கையில்லை. ஆட்சேபணை எழுதினோம். "குஞ்சு உயிரோடுதானே வந்தது ஐயா, ரசீது எதற்கு?" என்றார் தலைவர். விலை குறைவாகக் கிடைத்ததே என்று நிர்வாகக் குழுவினர் மகிழ்ந்திருந்தனர். அவர்களுடைய நேர்மையில் நாம் ஐயுறவில்லை. ஒரு காசும் தவறிப் போகவில்லை.

அடுத்த கோடையில் நீர் வற்றி வலை இழுத்தபோது கட்லாவும் ரோகுவும் சிலவே அகப்பட்டன. வலையை நிறைத்தது கெளுத்தி. அதை விற்கவும் வழியில்லை, அழிக்கவும் செலவு. குத்தகைப் பணத்திற்காகப் பங்குத்தொகை கட்டிய உறுப்பினர்களுள் கைத்தறியில் கூலி பெற்று வாழ்வோரும் இருந்தனர். யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்டச் சங்கத்தின் கையில் ஒரு தாளும் இல்லை. ஆட்சேபணை எழுதியதோடு நம் கடமை முடிந்ததென்று நாமும் இருந்துவிட்டோம். அன்றே குஞ்சுகளை மீன்வளத் துறை அலுவலரிடம் காட்டச் சொல்லியிருக்கலாம் என்னும் குறை இன்றும் நம்மிடம் உண்டு.

அந்த ஏரியின் கலிங்கு வழியே வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. அதன் மறுகால் அதற்கடுத்ததற்கு. ஆகவே நட்டம் ஒரு சங்கத்தோடு நிற்கவில்லை. சாயம் நில்லாத ஓர் இழை பாவில் கலந்தால், முதல் நனைப்பில் சேலை முழுதும் கறைபடுவதை நெசவாளர் அறிவர். அடுத்தடுத்த ஏரிகளுக்கும் அதுவே நிலை.

5. சங்கங்கள் கைக்கொள்ள வேண்டியவை

அ. குஞ்சுகளை அரசு மீன்பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ மட்டுமே வாங்குக. ரசீதில் இனம், அளவு, எண்ணிக்கை, தேதி, விற்றவர் முகவரி ஆகிய ஐந்தும் இருத்தல் வேண்டும்.

ஆ. நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பண்ணைக்கு நேரில் சென்று, வெள்ளைத் தட்டில் சிறிது குஞ்சை எடுத்து இனம் கலந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். மீசையுடைய குஞ்சு கண்டால் ஏற்கலாகாது.

இ. பயணத்துக்கு முன் குஞ்சுகளுக்கு இரையிடாமல் வயிற்றைக் காலியாக்குவர். இல்லையேல் அவற்றின் கழிவே பையின் நீரைக் கெடுக்கும். பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சியதில் பிராணவாயுவும் நிரப்பி, வெயில் ஏறுமுன் கொண்டு வருதல் நன்று.

ஈ. ஏரிக்கு வந்ததும் பையை அவிழ்த்துக் கொட்டலாகாது. கால் மணி நேரம் பையை நீரில் மிதக்கவிட்டு, பின் ஏரி நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்க்க வேண்டும். வெப்பம் ஒத்துவந்த பின் குஞ்சுகளை மெல்லிய வலையால் முகந்து விட்டு, பையின் நீரைக் கரையில் தரையில் ஊற்றுக.

உ. ஓர் ஏரியில் எஞ்சிய மீனை உயிருடன் இன்னோர் ஏரியில் விடலாகாது. வலையைக் கழுவி வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே அடுத்த ஏரியில் இறக்குக.

ஊ. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டது என்பதை உறுப்பினர் அனைவருக்கும் எடுத்துரைக்க.

இவற்றுள் பெரும்பொருட் செலவு வேண்டுவது எதுவுமில்லை. தம் வாளியிலுள்ள நான்கு பொடிமீனுக்கு ரசீது வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு தூண்டிற்காரருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக் காப்பது ஐந்து பேரேரிகளை. நம் சங்கத்தின் ரசீதுக் கோப்பு காப்பது நம் ஏரியையும், கலிங்குக்குக் கீழேயுள்ள ஊராரின் ஏரியையும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஏரிக்கு நீர் எவ்வூர் ஏரியிலிருந்து வருகிறது? நம் மறுகால் எங்கே போகிறது?

2. சென்ற ஆண்டு வாங்கிய குஞ்சுகளுக்குரிய ரசீதில் மேற்கூறிய ஐந்தும் உள்ளனவா?

3. தடை செய்யப்பட்ட மீன் நம் வலையில் அகப்பட்டால் முதலில் யாருக்கு அறிவிக்க வேண்டும்? அந்த அலுவலகத்தின் முகவரி சங்கப் பலகையில் எழுதப்பட்டுள்ளதா?

4. அடுத்த ஏரியின் குத்தகைதாரரோடு கூடி, குஞ்சு வாங்குவதையும் வலை உலர்த்துவதையும் பற்றிப் பொது ஏற்பாடு செய்து கொள்ள இயலுமா?