இன்னொரு ‘நீட்’: பேச்சும் விதியும்

எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கமோ அரியலூர் சிமெண்ட் ஆலைப் பக்கமோ ‘நீட்’ என்று யாராவது சொன்னால், கேட்பவருக்கு நினைவு வருவது பிளஸ் டூ பிள்ளைகள் எழுதும் தேர்வுதான். அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு, நீட்டால் இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவி குழுமூர் அனிதாவின் பெயரைச் சூட்டியிருக்கும் பகுதியில் அது இயல்பு. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எழுதும் நீட் பி.ஜி. பற்றி ஊரில் பேச்சு குறைவு. பேச்சு குறைந்த இடத்தில் வதந்திக்குக் கொண்டாட்டம்.

இதைத் தெளிவுபடுத்த வேண்டிய நேரமும் இதுதான். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2020-ல் இடம் பிடித்த முதல் அரசுப் பள்ளி மாணவர்கள் இப்போது பி.ஜி. வாசலுக்கு வந்துவிட்டார்கள். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்றான அரியலூர் கல்லூரியின் முதல் அணி அடுத்து வருகிறது. இவர்களில் பலருக்கு வீட்டில் வழிகாட்ட டாக்டர் இல்லை. முதல் அணிக்குக் கல்லூரியில் சீனியரும் இல்லை.

நம்பிக்கை: நீட் விலக்கு மசோதா சட்டமானால் பி.ஜி.க்கும் தேர்வு போய்விடும். 7.5 சதவீதமும் கூடவே வரும்.

உண்மை: இரண்டும் இல்லை. 2017-ல் சட்டமன்றம் இளநிலைக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று என இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. இரண்டுக்குமே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021-ல் நிறைவேறிய மசோதா இளநிலைப் படிப்புக்கு மட்டுமானது. 7.5 சதவீதச் சட்டமும் அப்படியே. முதுநிலையில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்ததற்கென்று தனி இடம் கிடையாது.

நம்பிக்கை: 50 பெர்சன்டைல் என்றால் பாதி மார்க்.

உண்மை: பெர்சன்டைல் காட்டுவது எத்தனை பேரைத் தாண்டினோம் என்பதை. 200 கேள்விகள், மொத்தம் 800 மதிப்பெண். 2023-ல் பொதுப் பிரிவின் 50 பெர்சன்டைல் 291 மதிப்பெண்ணில் நின்றது. பாதியான 400-க்கு வெகு கீழே. அதே ஆண்டு செப்டம்பரில் காலியிடங்களை நிரப்புவதற்காகத் தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கே இறக்கினார்கள். அதனால் தகுதி பெற்றதைச் சீட் கிடைத்ததாக எண்ணிக் கொண்டாட வேண்டாம். ரேடியாலஜியும் பொது மருத்துவமும் கேட்பவர் பார்க்க வேண்டியது தகுதி வரம்பை அல்ல, ரேங்க்கை.

நம்பிக்கை: நெகட்டிவ் மார்க் இருக்கிறது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே நல்லது.

உண்மை: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரியான விடைக்கு 4. தவறுக்கு 1 கழிவு. நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும், மூன்று தவறாகி 3 போகும். அப்போதும் ஒரு மதிப்பெண் மிச்சம். இரண்டு விடைகளை நிச்சயமாக ஒதுக்க முடிந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி ஆதாயம் 1.5. எய்ம்ஸ், ஜிப்மர் இடங்களுக்கான ஐ.என்.ஐ. சி.இ.டி. தேர்வில் கணக்கு வேறு: சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. அங்கே குருட்டு ஊகத்துக்கு ஆதாயம் சரியாகப் பூஜ்ஜியம். ஒரு விடையையாவது ஒதுக்கத் தெரிந்தால்தான் லாபம்.

இதோடு இன்னொன்று. தெரிந்ததை முதலில் முடித்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரலாம் என்ற பழைய அறிவுரை 2024 முதல் பாதிதான் செல்லும். 40 கேள்விகள், 42 நிமிடம் என ஐந்து பகுதிகள். நேரம் முடிந்த பகுதி திரும்பத் திறக்காது.

நம்பிக்கை: பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் மனதில் நிற்கும். ஹவுஸ் சர்ஜன் வேலை படிப்பைக் கெடுக்கும்.

உண்மை: ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்ப வாசித்தது. இன்னொன்று புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள்தான் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். மாதிரித் தேர்வைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வார்டும் படிப்புதான். மக்காச்சோளக் காட்டில் பாம்பு கடித்து ஒருவரை இரவில் ஜி.எச்.சுக்குக் கொண்டுவருகிறார்கள். சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஆட்டாமல் 20 நிமிடம் வைக்கவேண்டும். உறையாவிட்டால் விரியன் விஷம் என்று சந்தேகித்து விஷமுறிவு மருந்து கொடுக்க வேண்டும். இது செய்து பார்த்த ஹவுஸ் சர்ஜனுக்கு மறக்காது. நோயாளியின் வயது, அறிகுறி, சோதனை முடிவைச் சொல்லி ‘அடுத்து என்ன?’ என்று கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கிறது.

நம்பிக்கை: பி.எச்.சி.யில் வேலைக்குச் சேர்ந்தால் பி.ஜி. கனவு அவ்வளவுதான்.

உண்மை: தமிழ்நாட்டில் நேர் எதிர். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மாநிலத்திடம் மிஞ்சுவதில் பாதி அரசுப் பணியில் உள்ள டாக்டர்களுக்கு. இந்த உரிமை இடையில் கைநழுவியிருந்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வேப்பந்தட்டையிலோ ஆண்டிமடத்திலோ ஓ.பி. பார்க்கும் இளம் மருத்துவர் தனிப் பட்டியலில் போட்டியிடுகிறார். பணிக்கால நிபந்தனைகளை மட்டும் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: நீட் பி.ஜி.க்குப் பதிலாக ‘நெக்ஸ்ட்’ தேர்வு வரப்போகிறது, இப்போது படிப்பது வீண்.

உண்மை: நெக்ஸ்ட் 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் 2023 ஜூலையில் ஒத்திவைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 3 அன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதியது நீட் பி.ஜி.யைத்தான்.

நம்பிக்கை: தேர்வுக்கு விண்ணப்பித்தாயிற்று, ரேங்க் வந்ததும் அழைப்பார்கள்.

உண்மை: யாரும் அழைக்க மாட்டார்கள். தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு வாரியம். அகில இந்திய இடங்களுக்கு மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடமும், மாநில இடங்களுக்குச் சென்னையில் உள்ள தேர்வுக் குழுவிடமும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். முடிவு வந்த வாரத்திலிருந்தே இரண்டு இணையதளங்களையும் தினமும் பாருங்கள். சாதிச் சான்று முதல் ஹவுஸ் சர்ஜன் முடித்த சான்று வரை எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.